ஹாஜிரா பீயின் பிளாட்பாரம்

ஹாஜிரா பீயிடம் வளையல் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கையை விறைத்துக்கொண்டால் திட்டு. முகத்தைத் திருப்பி எதிர்க்கடையை வேடிக்கை பார்த்தால் திட்டு. 'இன்னும் கொஞ்சம் பெரிய அளவா குடுங்களேன்' என்று கேட்டுவிட்டாலோ அன்றைக்கு அர்ச்சனைதான். அப்படியும் மாம்பலத்துப் பெண்கள் அவளைத்தான் தேடி வந்தார்கள். பெருவிரலுக்குக் கீழே இருக்கிற சதையை அவள் மாவு பிசைகிற மாதிரி நாலு தரம் பிசைந்தால் போதும், போகவே போகாது என்று நினைத்த கண்ணாடி வளையல் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிடும். வலித்தது என்று சொன்னவள் ஒருத்தி கிடையாது.

அவள் கடையில் ஒரு சட்டம் உண்டு. வளையல் தொழில் செய்கிறவர்களுக்கெல்லாம் உள்ள வழக்கம்தான், ஆனால் இவள் அதைச் சர்க்கார் உத்தரவு மாதிரி வைத்திருந்தாள். போடும்போது உடைந்தால் கடைக்காரி கணக்கு. வாசல் தாண்டி உடைந்தால் போட்டுக்கொண்டவள் கணக்கு. உடைந்த வளையலோடு யாராவது திரும்பி வந்து மூக்கைச் சிந்தினால் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வாசலத் தாண்டினியா இல்லியா, அத்தச் சொல்லு." தாண்டவில்லை என்றால் மறு பேச்சில்லாமல் புது வளையல் வரும். தாண்டிவிட்டேன் என்றால் சாட்சாத் கலெக்டர் பெண்சாதியாக இருந்தாலும் ஒன்றும் நடக்காது.

அந்த வாசலைத் தாண்டுவதுதான் அப்போதெல்லாம் பெரும்பாடாக இருந்தது. பார்க்கிலிருந்து ரயிலடிக்குப் போகிற அந்தக் கடைத்தெரு, யுத்தத்துக்கு முன்னால் மாடு படுத்து அசை போடுகிற தெரு. யுத்தம் முடிந்ததும் என்ன வந்ததோ, ஊரே மாம்பலத்துக்குக் குடிவந்துவிட்டது. பஸ் வந்தது, பட்டாளத்தார் விற்றுத் தீர்த்த லாரிகள் வந்தன, ஜட்காக்களும் சைக்கிள்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத குறையாகப் போயின. கடைகளோ பழைய ஓட்டுக் கடைகள். வாசலை ஒட்டிச் சாக்கடை, சாக்கடையை ஒட்டி ரோடு. நடக்கிறவன் எங்கே நடப்பான்? ரோட்டில்தான் நடந்தான்.

அப்படி நடந்தவர்களில் ஒருத்தி நஸ்ருன்னிசா, ஹாஜிரா பீயின் மருமகள். மகன் உமர் ஃபாரூக்குக்கு மவுண்ட் ரோடில் தையல் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவான். ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வீடு. அங்கிருந்து தினமும் மத்தியானம் சாப்பாட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு நஸ்ருன்னிசா கடைக்கு வருவாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. அது தெரிந்த நாளிலிருந்து மத்தியானம் ஆனால் ஹாஜிரா பீக்கு வியாபாரத்தில் புத்தி போகாது. ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள். சாப்பாடு வேண்டாம், வராதே என்று சொல்லியும் பார்த்தாயிற்று. "நீங்க டீயக் குடிச்சே பொழுத ஓட்டிடுவீங்க மாமி" என்று அந்தப் பெண் கேட்கவில்லை. பிடிவாதத்தில் மாமிக்கு ஏற்ற மருமகள்.

இந்தச் சமயத்தில்தான் கடை வரிசை மொத்தத்தையும் துரைராஜ் என்பவர் வாங்கினார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். உப்பில் சம்பாதித்தவர் என்றும் கருவாட்டில் சம்பாதித்தவர் என்றும் இரண்டு பேச்சு உண்டு. வந்த முதல் நாளே கடைக்காரர்களைக் கூட்டிவைத்து, "தீபாவளிக்குள்ள எல்லாக் கடையையும் கட்டிருவோம்" என்று சந்தோஷமாக அறிவித்தார். பட்டணத்தில் கடையைக் கட்டு என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பு என்று அர்த்தம். பாத்திரக் கடை சுப்புராயனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இன்னா நைனா, பொண்டாட்டி புள்ளையோட எங்க போவோம்" என்று அவர் ஆரம்பித்த பிறகுதான், ஓட்டை இடித்துக் கான்கிரீட்டில் புதிதாகக் கட்டப்போகிறார், அவரவர் கடை அவரவருக்கே என்பது விளங்கிற்று. அன்றைக்கே எல்லாரும் உஷாராகியிருக்க வேண்டும், இந்த மனுஷர் பேசுகிற தமிழ் வேறே, நம் தமிழ் வேறே என்று. யாரும் ஆகவில்லை.

கட்டடம் வளர ஆரம்பித்ததும் ஹாஜிரா பீ நேரே துரைராஜிடம் போனாள். கொத்து மேஸ்திரி குலாம் ரசூல் பக்கத்தில் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். கடைகளுக்கு முன்னால் மூடின சாக்கடையோடு சேர்த்து ஓர் ஆள் நீளத்துக்கு மேல் இடம் விட்டிருந்தது.

"முதலாளி, எனக்கு உள்ள எப்டி வேணா கட்டுங்க. வாசல்ல மட்டும் ஒரு பிளாட்பாரம் போட்டுக் குடுத்துடுங்க. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரிக்கும்."

துரைராஜின் முகம் மலர்ந்துவிட்டது. இந்த வரிசையிலேயே கோளாறு பிடித்த ஆள் இந்த அம்மாள்தான் என்று அவரிடம் பலபேர் சொல்லியிருந்தார்கள். அவளே தம் மனசில் இருப்பதைக் கேட்கிறாளே! "அக்கா, நான் நினைச்சதும் அதேதான். எல்லாக் கடைக்கும் பிளாட்பாரம் உண்டு. துரைராஜ் சொன்னா சொன்னதுதான். மேஸ்திரி, கேட்டுக்கிட்டீரா?" என்றார். மேஸ்திரி கேட்டுக்கொண்டதாகத் தலையாட்டினார்.

வினை வந்தது இங்கேதான். துரைராஜுக்குப் பிளாட்பாரம் என்றால் தூத்துக்குடி ரயிலடியில் மூட்டை அடுக்குகிற உயரமான மேடை. கடைத் தளத்துக்குச் சமமாக இடுப்புயரத்தில் மேடையை இழுத்துவிட்டால் சரக்கைப் பரப்பலாம், தெருவில் போகிறவன் கண்ணில் படும், யாவாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்பது அவர் கணக்கு. ஹாஜிரா பீக்கோ, ஏன், பட்டணத்தில் பிறந்த எவருக்குமே, பிளாட்பாரம் என்றால் ஜனங்கள் நடக்கிற பாதை. இதில் சந்தேகம் கேட்க என்ன இருக்கிறது? மேஸ்திரியும் பட்டணத்துக்காரர்தான். ஆக மூன்று பேரும் மனம் நிறையச் சிரித்துக்கொண்டு பிரிந்தார்கள்.

அதற்கப்புறம் துரைராஜ் தங்கை மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார். எதிர்ச்சாரியில் தூங்குமூஞ்சி மரத்தடியில் கீற்றுப்பந்தல் போட்டு வளையல் விற்றுக்கொண்டிருந்த ஹாஜிரா பீ, தினமும் வேலையைப் பார்வையிட்டாள். மேஸ்திரி கடப்பைக் கல்லை வரிசையாகப் பாவினார். ரோட்டைவிட ஒரு சாண் உயரம். இரண்டு பெண்கள் கைகோத்துக்கொண்டு நடக்கலாம், எதிரே வருகிறவர்களுக்கும் இடம் இருக்கும். கடைக்குள் ஏறப் படியை உள்பக்கமாக வெட்டிவிட்டார். ஹாஜிரா பீ நஸ்ருன்னிசாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். "இனிமே நீ கண்ணக் கட்டிக்கினு கூட வரலாம்" என்றாள். எல்லாம் தானே கட்டின மாதிரி அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

துரைராஜ் கல்யாணம் முடித்து, கடைக்காரர்களுக்கென்று ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி மிட்டாயோடு ஜட்காவில் வந்து இறங்கினார். இறங்கினவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பார்த்தார்.

"பிளாட்பாரத்த எங்கவே?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

"நீங்க நிக்கிறதே அதும்மேலதான், முதலாளி."

துரைராஜ் குனிந்து தம் காலடியைப் பார்த்தார். பிறகு அவருக்கு வந்த கோபத்தில் ஜட்காக் குதிரைகூட நாலடி பின்னால் போனது. தம் மனையில், தம் காசில், தம் கல்லில், ஊரில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் பாதை போட்டுக் கொடுக்கத் தமக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். நாளைக்கே கல்லைப் பெயர்த்து, செங்கல் வைத்து இடுப்புயரத்துக்கு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் மேஸ்திரி வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். குலாம் ரசூல் பாவம், தலைப்பாகையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றார். கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். மேடை இருந்தால் நல்லதுதானே என்று சிலருக்கு அப்போதே நாக்கில் எச்சில் ஊறிற்று.

ஹாஜிரா பீ ரோட்டைக் கடந்து வந்தாள். அவள் வருகிற வேகத்தைப் பார்த்து ஒரு சைக்கிள்காரன் தானே நின்றுவிட்டான். மருமகள் நடந்து வருகிற பாதை அது. கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. திட்டுவதை நிறுத்திவிட்டு அவள் நிதானமாகப் பேச ஆரம்பித்தால்தான் பயப்பட வேண்டும்.

"தம்பி, உங்க ஊரு ரயிலடில பிளாட்பாரம் கீதா?"

"ஏன், பெருசா இருக்கு."

"அதும்மேல ரயிலு நிக்குதா, ஜனம் நிக்குதா?"

"ஜனந்தான் நிக்கும். சரக்கும் கெடக்கும்லா."

"சரக்கு இன்னிக்கு வரும், நாளிக்கு வண்டியேறிப் போயிடும். ஜனம் அடிபடாம நிக்கணும்னுதான வெள்ளக்காரன் கல்லு வெச்சுக் கட்டினான்? இங்கயும் அதேதான். ரயிலுக்குப் பதிலா பஸ்ஸு வருது, அவ்ளோதான் வித்தியாசம். நீங்க பிளாட்பாரம்னீங்க. அவுரு பிளாட்பாரம் கட்டிக்கீறாரு. துரைராஜ் சொன்னா சொன்னதுதான்னு ஒர்த்தர் இங்க சொன்னாரு. அவுரு ஊர்லேர்ந்து வந்துட்டாரா, இல்ல இன்னும் வரலியா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துரைராஜுக்கு முகம் சிவந்தது. அந்த மனிதரிடம் நல்ல குணம் ஒன்று இருந்தது: கோபம் வந்த வேகத்திலேயே இறங்கவும் இறங்கும். ஓலைப்பெட்டியை ஹாஜிரா பீயின் கையில் கொடுத்தார்.

"சரிக்கா. சொன்ன சொல்லுக்கு விட்டுட்டேன். கல்லு கெடக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோங்க. நான் விட்டுட்டேன், உங்க கடைக்காரங்க அத சும்மா விடுதாகளான்னு பாப்போம்."

"அத்த நான் பாத்துக்கறேன்" என்றாள் ஹாஜிரா பீ. மிட்டாயை அவளே எல்லாருக்கும் பங்கிட்டாள்.

தீபாவளிக்கு முன்னாலேயே கடைகள் திறந்தன. சும்மா சொல்லக்கூடாது, தெருவுக்கே களை வந்துவிட்டது. கைக்குழந்தைக்காரிகள் நடந்தார்கள், தடியூன்றின கிழவர்கள் நடந்தார்கள், மயிலாப்பூரிலிருந்து மடிசார் மாமிகள் பஸ்ஸேறி வந்து, "இந்தப் பக்கம் நடக்க எவ்வளவு சௌகரியமா இருக்குன்னு பாத்தேளா" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டு நடந்தார்கள். நடக்கிறவள் நின்று பார்ப்பாள், நின்று பார்க்கிறவள் உள்ளே ஏறுவாள். துரைராஜ் மேடை போட்டு இழுக்க நினைத்த வியாபாரம் காலால் நடந்து வந்தது. நஸ்ருன்னிசா இந்தக் கோடியில் ஏறி அடுக்கை ஆட்டிக்கொண்டு வருவாள். ஹாஜிரா பீ இப்போது ரோட்டைப் பார்ப்பதில்லை.

முதலில் வெளியே வந்தது சுப்புராயனின் பித்தளைக் குடம் ஒன்று. அழகுக்கு வைத்தேன் என்றார். மறுநாள் அதற்குத் துணையாக ஓர் அண்டா வந்தது. அடுத்து குடைக் கடைக்காரன் குடைகளை விரித்து வைத்தான். ஜவுளிக்காரன் ஒரு பெஞ்சு போட்டான், வாடிக்கைக்காரர் உட்கார என்று. ஹாஜிரா பீ ஒவ்வொருவரையும் கண்டபடி திட்டினாள். ஊர் ஜனம் நடக்கிற இடத்தில் சட்டி பானையை வைக்கிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று சுப்புராயனைக் கேட்டாள். "ஒரு சாண்தானக்கா" என்று அவர் பல்லை இளித்தார்.

அப்படித் திட்டிக்கொண்டே, தீபாவளி நெருக்கத்தில், அவளும் தன் மரப்பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தாள். நீளமான பெட்டி, மேலே கண்ணாடி போட்டது, உள்ளே சிவப்பும் பச்சையுமாக வளையல் சரங்கள். வெயில் பட்டால் தெருக்கோடிவரை மின்னும். உள்ளே கூட்டம் தாங்கவில்லை, பண்டிகை முடிகிற வரைக்கும்தானே! மற்றவர்கள் வைத்தது அடைசல். தான் வைத்தது அவசரம். இப்படித்தான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஊரார் கண்ணில் துரும்பு தெரிகிறவர்களுக்குத் தன் கண்ணில் உத்தரம் கிடந்தாலும் உறுத்தாதே.

அன்றைக்கு மத்தியானம் நஸ்ருன்னிசா வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் ஹாஜிரா பீ அவள் கையைப் பார்த்தாள். மூளியாக இருந்தது. "வளையக்காரி வூட்டு மருமவ கையப் பாரு" என்று திட்டி, உட்காரவைத்து, இரண்டு கையும் நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டாள். கர்ப்பத்தில் கை கொஞ்சம் வீங்கியிருந்தது. ஒன்று உடைந்தது. "போடும்போது உடைஞ்சுது, என் கணக்கு" என்று தானே சொல்லிச் சிரித்துவிட்டு வேறொன்று போட்டாள். நஸ்ருன்னிசா கையை ஆட்டிக் கலகலக்கவிட்டு, காலி அடுக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

இறங்கினால் எதிரே மாமியாரின் பெட்டி. பெட்டியைச் சுற்றி நாலு பெண்கள். அந்தப் பக்கம் போனால் சுப்புராயனின் அண்டா. வயிற்றுப்பிள்ளைக்காரி கூட்டத்தில் இடித்துக்கொண்டு போக முடியாது. ஒரே ஒரு நிமிஷம்தானே என்று ரோட்டில் இறங்கினாள்.

பஸ் வந்தது அவளுக்குப் பின்னால். சத்தம் கேட்டுத் திரும்பிய ஹாஜிரா பீ பார்த்தது இவ்வளவுதான்: டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிக்கிறான், மருமகள் கல்லை நோக்கிச் சாய்கிறாள், சாப்பாட்டு அடுக்கு கையைவிட்டு உருண்டு பஸ்ஸுக்கு அடியில் போகிறது. பிறகு பச்சைக் கண்ணாடி சிதறுகிற சத்தம். அவளுக்குத் தெரியாத சத்தமா அது? வாழ்நாள் முழுதும் கேட்ட சத்தம்.

போட்டது போட்டபடி ஓடினாள். நஸ்ருன்னிசா கடப்பைக் கல்லின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் ரத்தம். வேறு எங்கும் அடியில்லை. டிரைவர் இறங்கி வந்து பேயறைந்தவன்போல நின்றான். அவன் காலடியில், தட்டையாகிப்போன அடுக்கு கிடந்தது. ஹாஜிரா பீ மருமகளின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தெருவே காத்திருந்தது. உள்ளே இருந்தது ஓர் உதை விட்டது. அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

அந்தப் பெண்ணோ, மாமியார் அழுவதைப் பார்த்துப் பயந்துபோய், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்:

"எல்லாம் உடைஞ்சுபோச்சு மாமி. வாசல் தாண்டிட்டேன். என் கணக்குதான்."

ஹாஜிரா பீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பித் தன் பெட்டியைப் பார்த்தாள். வெயிலில் அது நன்றாக மின்னிக்கொண்டிருந்தது.

"வாசல் எங்கடி கீது? என் பொட்டி எது வரிக்கும் கீதோ அது வரிக்கும் என் கடை. நீ இன்னும் வாசலத் தாண்டல. உள்ளதான் உடைஞ்சுது. என் கணக்கு."

அதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சுப்புராயனுக்குக் கேட்டது, குடைக்காரனுக்குக் கேட்டது. கோடிக்கடையிலிருந்து ஓடி வந்திருந்த துரைராஜுக்கும் கேட்டது. அவர் அன்றைக்குச் சொன்னதை இப்போது சொல்லிக்காட்டப் போகிறார் என்று ஹாஜிரா பீ எதிர்பார்த்தாள். சொன்னால் வாங்கிக்கொள்வது என்று தீர்மானமும் செய்துவிட்டாள். அவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"எங்க வைக்கணும்க்கா?"

"வாசலுக்கு உள்ள" என்று மறுபக்கத்தை அவள் பிடித்தாள்.

இரண்டு பேரும் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். வெளியே வந்தபோது பக்கத்துக் கடையில் அண்டா இழுபடுகிற சத்தம் கேட்டது. சுப்புராயன் தலையைத் தூக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார். குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின. ஜவுளிக்காரன் மட்டும், பெஞ்சு உட்காரத்தானே என்று எதையோ முனகினான். ஹாஜிரா பீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அவள் மருமகளை உட்காரவைத்து, ரத்தத்தைக் கழுவி, துணி சுற்றி, காயம் இல்லாத கையில் மறுபடியும் பச்சை வளையல் போட்டாள். பிறகு கடையை அப்படியே விட்டுவிட்டு அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் அந்தக் கோடிவரை பிளாட்பாரத்தின் மேலேயே நடந்தார்கள். எங்கும் இறங்க வேண்டியிருக்கவில்லை.